விண்மீன் ஒளியைப் பிரித்துப் படிக்க: செட்டிநாட்டு மொட்டை மாடிக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு விண்மீனிலிருந்து கைப்பிடி மண்ணோ ஒரு குப்பி வாயுவோ யாரும் கொண்டுவந்ததில்லை. நமக்கு வந்து சேர்வது அதன் ஒளி மட்டும்தான். அந்த ஒளியை அலைநீளவாரியாக விரித்தால் ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஒரு பட்டை கிடைக்கும். இதைத்தான் நிறமாலை என்கிறோம். அந்தப் பட்டையின் குறுக்கே ஆங்காங்கே கருங்கோடுகள் இருக்கும். விண்மீனின் மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்ற செய்தி முழுக்க அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் இருப்பவர் ஒரு செருப்புப் பெட்டியில் தொடங்கி, சாதாரண கேமராவால் சிரியஸின் ஹைட்ரஜன் கோடுகளை அளப்பது வரை போக முடியும். அதற்கான வழி இது. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பகலில் சூரியனைப் படித்துப் பழகாதவருக்கு இரவில் எடுக்கும் படத்தில் எது கோடு, எது கேமராவின் கோளாறு என்று பிரிக்கத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்பது தனிமத்தின் பெயரைச் சொல்லும். அது எவ்வளவு கருமையாக இருக்கிறது என்பது முதலில் வெப்பநிலையைத்தான் சொல்லும். தனிமத்தின் அளவு அதற்குப் பிறகு கணக்குப் போட்டு வரவேண்டியது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கோடு எப்படி வருகிறது

அணுவுக்குள் எலெக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் குறிப்பிட்ட சில மட்டுமே. ஒரு நிலையிலிருந்து மேல் நிலைக்குப் போக, அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் அலைநீளமுள்ள ஒளியை அணு விழுங்கும். கீழே இறங்கும்போது அதே அலைநீளத்தை உமிழும். ஒவ்வொரு தனிமத்துக்கும் நிலைகளின் அமைப்பு வேறு, ஆகவே கோடுகளின் வரிசையும் வேறு.

அடர்ந்த, சூடான பொருள் எல்லா அலைநீளங்களிலும் தொடர்ச்சியாக ஒளிரும். மெல்லிய சூடான வாயு தனித்தனி ஒளிக்கோடுகளைக் கொடுக்கும். தொடர் ஒளிக்கு முன்னால் அதைவிடக் குளிர்ந்த வாயு நின்றால் அதே இடங்களில் கருங்கோடுகள் விழும். விண்மீன் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகை: உள்ளடுக்கு தொடர் ஒளி தருகிறது, வெளியடுக்கு அதில் சிலவற்றைப் பிடித்துக்கொள்கிறது.

சூரிய ஒளியில் இந்தக் கருங்கோடுகளை 1802-ல் வொல்லாஸ்டன் கண்டார். 1814-ல் ஃப்ராவுன்ஹோஃபர் 574 கோடுகளை வரைபடமாக்கி, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். அவை எதனால் வருகின்றன என்று 1859-ல் ஹைடல்பர்க்கில் கிர்க்காஃபும் புன்சனும் விளக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. நம் பக்கத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18-ல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் நிறமாலை காட்டி கொண்டு ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டு சூரியனின் விளிம்பில் தெரிந்த 587.6 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) மஞ்சள் கோடு அதுவரை அறிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. ஹீலியம் என்று பெயரிட்டார்கள். பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895-ல்தான்.

முதல் படி: பெட்டி நிறமாலை காட்டி

தேவையானவை: ஏறக்குறைய 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலமுள்ள செருப்புப் பெட்டி, மில்லிமீட்டருக்கு 500 கோடுகள் உள்ள கிரேட்டிங் படலம் ஒரு துண்டு (நுண்ணிய கோடுகளால் ஒளியை நிறங்களாக விரிப்பது; அறிவியல் கருவிகள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும்), இரண்டு புதுச் சவர பிளேடுகள், கறுப்பு சார்ட் தாள், கறுப்பு டேப்.

பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். குறுகிய பக்கம் ஒன்றில், இடது ஓரத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி, 2 செ.மீ. உயரமுள்ள சன்னல் வெட்டுங்கள். அதன்மேல் இரண்டு பிளேடுகளையும் கூர்முனைகள் எதிரெதிரே நிற்க, செங்குத்தான பிளவு வரும்படி ஒட்ட வேண்டும். இடைவெளி 0.2 மி.மீ. சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன் உள்ளது. ஆகவே ஒரு தாளை இரண்டாக மடித்து, இரு பிளேடுகளுக்கும் நடுவே நிறுத்தி, அழுத்தி ஒட்டிவிட்டுத் தாளை உருவிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் பிளவுக்கு நேரே 2 செ.மீ. துளை போட்டுப் படலத்தை வையுங்கள். ஒட்டுவதற்கு முன் அதை விரலால் பிடித்தபடி ஒரு விளக்கைப் பாருங்கள்: நிறங்கள் இடவலமாக விரிய வேண்டும். மேல்கீழாக விரிந்தால் படலத்தைக் கால் சுற்று திருப்புங்கள். இது சரியாக அமையாவிட்டால் பட்டை சாய்ந்து, கோடுகள் குழைந்துவிடும்.

மூடியை மூடி, பிளவை வெளிச்சத்துக்குக் காட்டி, கண்ணைப் படலத்தோடு ஒட்டிவைத்துச் சற்று வலப்பக்கமாகப் பாருங்கள். பிளவிலிருந்து 6 செ.மீ. தள்ளி ஊதாவும் 11 செ.மீ. தள்ளி ஆழ்சிவப்பும் பெட்டியின் முன்சுவரில் இருப்பதுபோலத் தெரியும். அங்கே ஒரு காகித அளவுகோலை ஒட்டிவிட்டால் 1 செ.மீ.க்கு ஏறக்குறைய 60 நானோமீட்டர் என்று கணக்கு வந்துவிடும்.

இந்த அளவுகளில் பிரித்தறியும் திறன், அதாவது தனித்தனியாகப் பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, 1.3 நானோமீட்டர் அளவுக்கு வரும். பிளவு அகலமானால் கோடுகள் மறையும், மிகக் குறுகினால் பட்டை மங்கும். பட்டையின் நீளவாக்கில் கறுப்பு இழைகள் ஓடினால் அவை நாம் தேடும் கருங்கோடுகள் அல்ல, பிளேடு ஓரத்தில் ஒட்டிய தூசி. கருங்கோடு எப்போதும் பட்டைக்குக் குறுக்கேதான் நிற்கும்.

படலம் கிடைக்காவிட்டால் டிவிடியை உரித்துப் பயன்படுத்தலாம். அதன் தடங்களுக்கு இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அதாவது மி.மீ.க்கு ஏறக்குறைய 1,350 கோடுகள். ஆனால் தடங்கள் வளைந்தவை. வெளிவிளிம்புத் துண்டை எடுத்தாலும் கோடுகள் வளைந்தே தெரியும், பெட்டியின் கோணங்களும் மாறும். படலம் வாங்கிவிடுவதே நல்லது.

பகலில் பழகுதல்

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. இந்தப் பெட்டி வழியாகவும் கூடாது. பிளவு கண்ணைக் காக்காது. வெயில் விழும் வெள்ளைச் சுவர் போதும். பழைய வீடுகளின் வளவில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் நண்பகலில் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். நீங்கள் பட்டாலையின் நிழலில் நின்றுகொண்டு பிளவைச் சுவருக்குக் காட்டுங்கள்.

முதலில் கண்ணில் படுவது (இனி வரும் அலைநீளங்கள் எல்லாம் நானோமீட்டரில்) பச்சையில் 517 அருகே மக்னீசியம், நீலப்பச்சையில் 486.1-ல் ஹைட்ரஜன், மஞ்சளில் 589-ல் சோடியம். கண் பழகியதும் சிவப்பில் 656.3-ல் ஹைட்ரஜன், ஊதாவில் 431 அருகே ஒரு தடித்த பட்டை (இரும்புக் கோடுகளும் கார்பன்-ஹைட்ரஜன் மூலக்கூறின் பட்டையும் சேர்ந்தது) தெரியும். கால்சியத்தின் 393.4, 396.8 கோடுகள் மிக ஆழமானவை. ஆனாலும் கண்ணின் எல்லையில் இருப்பதால் எல்லோருக்கும் தெரிவதில்லை.

ஆழ்சிவப்பில் 687-ல் இன்னொரு கோடு இருக்கும். அது சூரியனுடையது அல்ல, நம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடையது. இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. நண்பகலில் ஒருமுறை பாருங்கள், வெயில் சாயும் நேரத்தில் மேற்குப் பார்த்த சுவரில் மறுபடி பாருங்கள். ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன் கூடக்கூட 687 கருத்துக்கொண்டே போகும். 517-ம் 486-ம் அப்படியே இருக்கும். இரவில் எந்த விண்மீனை எடுத்தாலும் 687-ம் 760-ம் வரும். ஆக்சிஜன் நிறைந்த விண்மீனைக் கண்டுவிட்டோம் என்று யாரும் மகிழ வேண்டியதில்லை.

அடுத்து அடுப்படி. விளக்கை அணைத்துவிட்டு, நனைந்த எவர்சில்வர் கரண்டி நுனியில் நாலு உப்புப் பரலை ஒட்டிக் கேஸ் அடுப்புச் சுடரின் ஓரத்தில் காட்டுங்கள். 589-ல் ஒரே ஒரு மஞ்சள் ஒளிக்கோடு பளிச்சென்று எழும். பகலில் சுவரில் கருங்கோடு இருந்த அதே இடம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் துளி தொட்டுக் காட்டினால் கால்சியம் சேர்ந்த மூலக்கூறுகளின் பச்சை, ஆரஞ்சுப் பட்டைகள் வரும். கோடுகள் வராது, அகன்ற பட்டைகள்தான். மூலக்கூறு பட்டை தரும், அணு கோடு தரும் என்ற வேறுபாட்டை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். திருவாதிரையை எடுக்கும்போது அது வேண்டியிருக்கும். எதுவும் தூவாத நீலச் சுடரின் உட்கூம்பைக் கொஞ்சம் பொறுமையோடு பார்த்தால் 431-ல் கார்பன்-ஹைட்ரஜன் பட்டை மங்கலாகத் தெரியும். சூரிய நிறமாலையில் இதே இடத்தில் இதே மூலக்கூறு கறுப்பாகப் பதிந்திருக்கிறது. சமையலறைச் சுடரிலும் சூரியனிலும் ஒன்றேயான ஒரு பொருளைக் கண்ணாலேயே காண்பது, இந்தப் பயிற்சியில் தவறவிடக் கூடாத இடம்.

தெருவில் சோடியம் ஆவி விளக்கு ஒன்று இன்னும் மிச்சமிருந்தால் அதையும் பாருங்கள். மஞ்சளில் அகன்ற ஒளி, அதன் நட்டநடுவே 589-ல் கருங்கீற்று. விளக்கின் நடுவிலுள்ள சூடான சோடியம் ஒளிவிட, ஓரத்திலுள்ள குளிர்ந்த சோடியம் அதை விழுங்குகிறது. விண்மீனின் வெளியடுக்கில் நடப்பதும் இதுதான்.

சிஎஃப்எல் பல்பு அளவுகோலைச் சரிபார்க்க உதவும்: 435.8-லும் 546.1-லும் பாதரசம், 611 அருகே யூரோப்பியம். எல்இடி பல்பு இதற்கு உதவாது. 450 அருகே ஒரு நீல மேடும் அதைத் தொடர்ந்து கோடில்லாத அகன்ற மஞ்சளும்தான் அதில் இருக்கும்.

பழைய வீட்டுச் சன்னல்களின் வண்ணக் கண்ணாடியை விட்டுவிட வேண்டாம். ஆழ்நீலக் கண்ணாடி வழியாக வரும் வெயிலைப் பாருங்கள். கோபால்ட் கலந்த கண்ணாடி என்றால் பச்சை, மஞ்சள்-ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளில் மூன்று அகன்ற இருண்ட பட்டைகள் தெரியும். கூர்மையான கோடு ஒன்றுகூட இராது, ஏனென்றால் திடப்பொருளில் அணுக்கள் நெருங்கி நின்று ஒன்றையொன்று பாதிப்பதால் ஆற்றல் நிலைகள் கலங்கி விரிந்துவிடுகின்றன. விண்மீன் ஒளியில் கூரிய கோடு இருக்கிறது என்பதே அது மெல்லிய வாயுவில் பிறந்தது என்பதற்குச் சான்று.

இரவுக்கான கருவி

விண்மீன் ஒரு புள்ளி, ஆகவே பிளவு தேவையில்லை. கேமரா லென்ஸுக்கு முன்னால் கிரேட்டிங்கை வைத்தால் போதும். படத்தில் விண்மீன் ஒரு புள்ளியாகவும், சற்றுத் தள்ளி அதன் நிறமாலை ஒரு கீற்றாகவும் விழும்.

எந்தக் கிரேட்டிங் என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பது: கோடுகளுக்கிடையேயான தூரத்தை (நானோமீட்டரில்) பிக்சல் அளவால் (மி.மீ.யில்) பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் (மி.மீ.யில்) வகுத்தால் வருவது. மி.மீ.க்கு 100 கோடுகள் என்றால் தூரம் 10,000 நானோமீட்டர். 50 மி.மீ. லென்ஸ், 4 மைக்ரோமீட்டர் பிக்சல் என்றால் 10,000 × 0.004 ÷ 50 = 0.8. விண்மீனின் பிம்பம் 3 பிக்சல் அகலம் என்று கொண்டால் பிரித்தறியும் திறன் 2.4 நானோமீட்டர். வெப்பமான விண்மீன்களின் ஹைட்ரஜன் கோடுகளுக்கும் குளிர்ந்தவற்றின் மூலக்கூறுப் பட்டைகளுக்கும் இது போதும்.

பெட்டிக்கு வாங்கிய 500 கோட்டுப் படலத்தையே லென்ஸ் முன்னால் வைத்தால் பிக்சலுக்கு 0.16 நானோமீட்டர் என்று ஆசை காட்டும். ஆனால் நிறமாலை 16 டிகிரி தள்ளி விழுவதால் விண்மீன் படத்துக்கு வெளியே போய்விடும், ஒளியும் நீண்ட கீற்றில் பரவி மங்கிவிடும், பிளாஸ்டிக் படலத்தின் நெளிவு கூர்மையைக் கெடுக்கும். வான் புகைப்படத்துக்கென்றே விற்கும் 1.25 அங்குல வளையத்தில் பொருத்திய 100 கோட்டுக் கண்ணாடிக் கிரேட்டிங்தான் எங்கள் பரிந்துரை. அதில் நடு நிறமாலை 3 டிகிரிதான் தள்ளி விழும், விண்மீனும் நிறமாலையும் ஒரே படத்தில் அடங்கும். பழைய லென்ஸ் மூடி ஒன்றின் நடுவில் துளையிட்டு வளையத்தை அதில் இறுக்கிவிடுங்கள். லென்ஸை எஃப்/4-க்கு மூடினால் 50 மி.மீ. லென்ஸுக்கு 12.5 மி.மீ. வாய்தான் தேவை, வளையம் மறைக்காது.

கைபேசியில் படலத்தை ஒட்டித் தெருவிளக்குகளை அருமையாக எடுக்கலாம். விண்மீன் என்றால் சிரியஸ் அளவுக்கு ஒளியுள்ள ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

எதை, எப்போது

காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. தெற்கு வானம் நமக்கு நன்றாகத் திறந்திருப்பது பெரிய கொடுப்பினை.

மாசி தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் சிரியஸ் தெற்கே 63 டிகிரி உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே அகத்தியர் விண்மீன் (கனோபஸ்) 27 டிகிரியில் இருக்கும். திருவாதிரை ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, ரோகிணி மேற்கே. இந்த நான்கும் ஒரே இரவில் கிடைப்பதால் தொடங்குவதற்கு தை, மாசியை விட நல்ல காலம் இல்லை. வைகாசியில் சித்திரை, சுவாதி விண்மீன்கள்; ஆனி இறுதியில் கேட்டை; ஆடி இறுதியில் மேகம் விட்ட இரவுகளில் வடக்கே அபிஜித். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிக்கொள்ளும்.

மொட்டை மாடித் தட்டோடு பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு முன்னிரவு முழுக்க வெப்பத்தை விடும். அதன் மேல் எழும் காற்று பிம்பத்தை அலைக்கழித்துக் கோட்டை மழுக்கும். மாலையில் தண்ணீர் தெளித்துவிட்டு 9 மணிக்கு மேல் தொடங்குங்கள். முடிந்தால் ஊருணிக் கரை போன்ற திறந்த மண்தரைக்குப் போங்கள். மார்கழி, தை இரவுகளில் பனி லென்ஸில் படியும். கிரேட்டிங்கில் பனி படிந்தால் துடைக்கவே கூடாது, கீறல் விழும். லென்ஸைச் சுற்றி 15 செ.மீ. நீளத்துக்குக் கறுப்புத் தாள் குழாய் ஒன்றை மாட்டினால் படிவது வெகுவாகக் குறையும்.

படமெடுத்தல்

விண்மீனைப் பின்தொடரும் மோட்டார் தேவையில்லை. பூமியின் சுழற்சியை நமக்குச் சாதகமாக்கலாம். ட்ரைபாடில் அசையாமல் நிற்கும் கேமராவில் விண்மீன் கிழக்கு மேற்காக நகர்ந்து கோடிழுக்கும். நிறமாலை வடக்கு தெற்காக விரியும்படி கிரேட்டிங்கைத் திருப்பி வைத்தால், அந்த நகர்வு மெல்லிய இழையை அகன்ற பட்டையாக்கிவிடும். மேலே சொன்ன கேமராவில் சிரியஸ் 20 நொடியில் ஏறக்குறைய 17 பிக்சலும், தென்துருவத்துக்கு நெருங்கிய கனோபஸ் 11 பிக்சலும் நகரும்.

1. ரா கோப்பு முறை (கேமரா திருத்தாத மூலப்படம்), கைமுறை ஃபோகஸ், ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 20 நொடி என்று தொடங்குங்கள். நொடிக்கணக்கு தாமதத்தில் ஷட்டரை விடுங்கள், கை பட்டால் ஆடும்.

2. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விண்மீன் இழுத்த கோடும் நிறமாலையின் நீளமும் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரேட்டிங் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மறுபடி எடுங்கள். இந்தச் செங்குத்து அமையாவிட்டால் கோடுகள் சாய்ந்து விழும், பின்னால் சராசரி எடுக்கும்போது அழிந்துவிடும்.

3. ஃபோகஸை விண்மீன் புள்ளியில் பார்க்காதீர்கள், நிறமாலையில் பாருங்கள். லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே தளத்தில் குவிப்பதில்லை. சிரியஸின் 486, 434 கோடுகள் மிகக் கூர்மையாகத் தெரியும் நிலையே சரியான ஃபோகஸ். அதன்பின் ஃபோகஸ் வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

4. எந்த நிற வழித்தடமும் உச்சத்தைத் தொடக் கூடாது. பச்சை வெளுத்துப்போனால் அங்கே இருந்த கோடு போனதுதான். அப்படியானால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். நேரத்தைக் குறைத்தால் பட்டையின் அகலமும் குறையும்.

5. ஒவ்வொரு விண்மீனுக்கும் 10 படங்கள். லென்ஸை மூடி, அதே நொடிக்கணக்கில் 5 இருட்டுப் படங்கள். பின்னணி விண்மீன் ஏதாவது நிறமாலையின் மேல் விழுந்தால் கேமராவை அரைச் சுற்று திருப்பி எதிர்ப்பக்கம் விரியவிடுங்கள்.

படத்திலிருந்து வரைபடத்துக்கு

இருட்டுப் படங்களின் சராசரியைக் கழித்து, நிறமாலை கிடைமட்டமாக வரும்படி படத்தைத் திருப்புங்கள். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் விண்மீன் புள்ளியையும் நிறமாலையையும் சேர்த்து ஒரு செவ்வகம் போட்டு, ஒளிச்செறிவு வரைபடம் எடுங்கள். செவ்வகத்தின் உயரம் பட்டையின் அகலத்துக்குள் அடங்கட்டும். வெளியே போனால் வானத்தின் ஒளியும் சேர்ந்து கோடு மங்கும்.

இப்போது பிக்சலை நானோமீட்டராக்க வேண்டும். சிரியஸை எடுத்துக்கொள்வோம். விண்மீன் 410-ஆம் பிக்சலில் இருக்கிறது, நீலப்பச்சையில் ஆழமான பள்ளம் 1018-ல். அது 486.1 என்று நமக்குத் தெரியும். இடைவெளி 608 பிக்சல். 486.1 ÷ 608 = 0.7995. அடுத்த பள்ளம் 953-ல் இருந்தால்: 543 × 0.7995 = 434.1. ஹைட்ரஜனின் அடுத்த கோடு 434.0. அதற்கடுத்தது 923-ல்: 513 × 0.7995 = 410.1, இருக்க வேண்டியது 410.2. மூன்றும் ஹைட்ரஜனின் ஏணியில், அதாவது அதன் கோடுகளின் வரிசையில், பொருந்திவிட்டதால் பிக்சலை நானோமீட்டராக்கும் அளவை சரி. ஒரே கோட்டை மட்டும் நம்பி அளவை வகுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். குறைந்தது இன்னும் இரண்டு கோடுகள் தாமாக வந்து பொருந்த வேண்டும்.

656.3 கோடு 1231-ஆம் பிக்சலில் வர வேண்டும். சாதாரண கேமராவில் அது மங்கலாகவே இருக்கும், ஏனென்றால் சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டி ஆழ்சிவப்பின் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சென்சாரின் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் சந்திக்கும் இடங்களில், 490-500 அருகிலும் 570-590 அருகிலும், வரைபடம் அகலமாகத் தாழும். பலர் இதைப் பார்த்துச் சோடியம் என்று எழுதிவிடுகிறார்கள். சோதிக்கும் வழி: அதே இரவில் எடுத்த இரண்டு வேறு வகை விண்மீன்களின் வரைபடங்களை ஒன்றால் ஒன்றை வகுத்துப் பாருங்கள். கேமராவுடைய தாழ்வுகள் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் நீங்கிவிடும், விண்மீனுடையது நிற்கும். ஆனால் கனோபஸையும் சிரியஸையும் இப்படி ஒப்பிடும்போது ஒரு திருத்தம் தேவை. 27 டிகிரி உயரத்திலுள்ள கனோபஸின் ஒளி தலைக்கு மேலுள்ள காற்றைப் போல 2.2 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதனால் அதன் நீலம் குறைந்து தெரியும். அதை விண்மீனின் குணமாக எண்ணிவிடக் கூடாது.

விண்மீன் விண்மீனாக

சிரியஸ், அபிஜித் (ஏறக்குறைய 10,000 கெல்வின்): ஹைட்ரஜன் கோடுகள் பள்ளத்தாக்குகளாக இருக்கும், வேறெதுவும் கண்ணில் படாது. கனோபஸ் (7,400 கெல்வின் அளவு): அதே ஏணி, ஆனால் ஆழம் குறைவு. ஊதா முனை வரை கேமரா பிடித்தால் கால்சியம் தலைகாட்டும்.

சுவாதி (4,300), ரோகிணி (3,900): ஹைட்ரஜன் ஏறக்குறைய மறைந்துவிடும். 517-ல் மக்னீசியமும் 431-ல் அந்தக் கார்பன்-ஹைட்ரஜன் பட்டையும் 589-ல் சோடியமும் மேலெழும். இரும்புக் கோடுகள் அடர்ந்து, நீலப்பகுதி முழுக்க அரித்ததுபோல் தெரியும்.

திருவாதிரை, கேட்டை (3,500-3,700): வரைபடம் ரம்பப்பல் போல மாறிவிடும். 495, 517, 545, 616 ஆகிய இடங்களில் செங்குத்தாக விழுந்து, சிவப்புப் பக்கம் மெதுவாக ஏறும். இது டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறு. இவ்வளவு வெப்பத்திலும் ஒரு மூலக்கூறு உடையாமல் இருக்கிறது என்பதே அந்த மேற்பரப்பு மற்றவற்றைவிட எவ்வளவு குளிர்ந்தது என்பதைக் காட்டுகிறது. கோடும் பட்டையும் வேறு என்று அடுப்படியில் பார்த்தது இங்கே கைகொடுக்கும்: ஒருபக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு என்றால் அது மூலக்கூறு.

பங்குனியில் இரவு 9 மணியளவில் காமா வேலோரத்தைத் தவறவிடாதீர்கள். கையை நீட்டிப் பார்த்தால் கனோபஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, 33 டிகிரி உயரத்தில் இருக்கும். வடக்கே வாழும் பலருக்கு எட்டாத இந்த விண்மீனின் நிறமாலையில் பிரகாசமான ஒளிக்கோடுகள் எழுந்து நிற்கும்: 465-லும் 570-லும் 580-லும் கார்பன் அயனிகள் (எலெக்ட்ரான்களை இழந்த அணுக்கள்). வுல்ஃப்-ரேயே வகையைச் சேர்ந்த இது தன் வெளியடுக்குகளைப் பெருங்காற்றாக வீசிவிட்டது. அந்த மெல்லிய சூடான வாயுதான் ஒளிக்கோடுகளை எழுப்புகிறது. இந்த வகையில் வானத்தில் இதைவிட ஒளிமிக்கது வேறில்லை.

ஆழமான கோடு, அதிகமான தனிமமா?

சிரியஸில் ஹைட்ரஜன் நிறைய, திருவாதிரையில் ஹைட்ரஜன் இல்லை என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறு. இரண்டிலும் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான்.

நாம் பார்க்கும் 486, 434 கோடுகளை உண்டாக்க, ஹைட்ரஜனின் எலெக்ட்ரான் ஏற்கெனவே இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும். அங்கே ஏற 10.2 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றல் அலகு) வேண்டும். சூரியனின் 5,772 கெல்வின் வெப்பத்தில் 100 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஏறக்குறைய 5 மட்டுமே அந்த நிலையில் இருக்கும். 10,000 கெல்வினில் லட்சத்துக்கு 3. பல ஆயிரம் மடங்கு வேறுபாடு, வெப்பத்தால் மட்டுமே. இன்னும் சூடேற்றினால் ஹைட்ரஜன் எலெக்ட்ரானையே இழந்து அயனியாகி, கோடு மறுபடி மெலியும். சித்திரை விண்மீனில் அதுதான் நடக்கிறது.

கால்சியம் இதற்கு நேரெதிர். சூரியனில் ஏறக்குறைய 4.5 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரே ஒரு கால்சியம் அணு. ஆனால் அந்தக் கால்சியத்தில் ஏறக்குறைய எல்லாமே ஓர் எலெக்ட்ரானை இழந்து, 393.4-ஐயும் 396.8-ஐயும் விழுங்கத் தயாராக அடிநிலையில் நிற்கின்றன. அதனால்தான் சூரியனின் மிக ஆழமான கோடுகள் இத்தனை அரிய தனிமத்துக்குச் சொந்தமாக இருக்கின்றன.

இதற்கான சமன்பாட்டை 1920-ல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா எழுதினார். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், அணுக்களில் எத்தனை பங்கு அயனியாகும் என்று அது சொல்கிறது. அதைக் கொண்டு 1925-ல் வானியலாளர் சிசிலியா பெய்ன் தன் ஆய்வேட்டில் விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று கணக்கிட்டார். பூமியைப் போன்ற கலவைதான் சூரியனிலும் இருக்கும் என்று நம்பிய காலம் அது. அமெரிக்க வானியலாளர் ஹென்றி ரஸ்ஸல் அந்த முடிவை ஏற்கவில்லை, பெய்னும் அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று ஆய்வேட்டில் எழுதிவைக்க நேர்ந்தது. 1929-ல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். சூரியனின் நிறையில் முக்கால் பங்குக்கு அருகே ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், மற்ற எல்லாத் தனிமங்களும் சேர்ந்து 2 விழுக்காட்டுக்கும் கீழ் என்பதே இன்றைய கணக்கு.

ஆகவே உங்கள் வரைபடத்தைப் படிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஹைட்ரஜன் கோடுகளின் ஆழத்தையும் மூலக்கூறுப் பட்டைகளையும் கொண்டு வெப்பநிலையை மதிப்பிடுங்கள். பிறகு அந்த வெப்பத்தில் தெரியக்கூடிய தனிமங்கள் எவை என்று பாருங்கள். தெரியாத தனிமத்தை ‘இல்லை’ என்று எழுதாமல் ‘இந்த வெப்பத்தில் தெரியாது’ என்று எழுதுங்கள். சூரியனில் நிறையில் கால் பங்கான ஹீலியமே பகல்சுவர் நிறமாலையில் ஒரு கோடுகூடக் காட்டுவதில்லை.

இந்தக் கருவிக்கு எட்டாதவை

சித்திரை விண்மீனில் 447.1-ல் ஹீலியக் கோடு உண்டு. ஆனால் அது மெல்லியது, 2.4 நானோமீட்டர் திறனில் கரைந்துவிடும். 135 மி.மீ. லென்ஸும் பின்தொடரும் மவுண்டும் இருந்தால் பிக்சலுக்கு 0.3 நானோமீட்டர் வரும், அப்போது முயலலாம். விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதும் இதில் தெரியாது. நொடிக்கு 100 கி.மீ. வேகத்துக்குக்கூட 486.1 கோடு 0.16 நானோமீட்டர்தான் நகரும். கோடு அரை பிக்சல் தள்ளியிருந்தால் காரணம் பெரும்பாலும் உங்கள் அளவை.

தனிமத்தின் அளவைச் சொல்ல, ஒவ்வொரு கோடும் தொடர் ஒளியிலிருந்து விழுங்கிய பரப்பை அளந்து, அந்த விண்மீனின் வெப்பத்துக்கும் ஈர்ப்புக்கும் ஏற்ற வளிமண்டல மாதிரியோடு பொருத்த வேண்டும். அதற்கு நானோமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிரிக்கும் கருவி வேண்டும். சிரியஸின் மேற்பரப்பில் இரும்பு சூரியனைவிட ஏறக்குறைய 3 மடங்கு என்பது அப்படி அளந்து கண்டது. உங்கள் படத்தில் சிரியஸில் இரும்பின் சுவடே இராது. சவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் செய்வது இந்த வகை வேலை. சூரியனை மட்டும் எடுத்துக்கொண்டால், கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாகக் கால்சியத்தின் 393.4 கோட்டில் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

எடுத்த ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், விண்மீனின் உயரம், லென்ஸ், ஐஎஸ்ஓ, நொடி, பிக்சலுக்கு எத்தனை நானோமீட்டர் என்பதை எழுதி வையுங்கள். ரா கோப்பை அழிக்காதீர்கள். திருவாதிரையின் ஒளி மாறிக்கொண்டே இருப்பது, அதன் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகளும் அதோடு மாறும். ஒவ்வொரு தை மாதமும் அதே லென்ஸ், அதே கிரேட்டிங்கில் எடுத்த வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், 616-லுள்ள பள்ளத்தின் ஆழம் ஆண்டுக்காண்டு எப்படி வேறுபடுகிறது என்பதை உங்கள் மாடியிலிருந்தே அளக்கலாம்.